ஒடுங்கிய எழுத்தும் மூன்று சுழி ணகரமும்

பல ஆண்டுகளுக்கு முன்பு, ஓய்வுபெறும் ஓர் ஆசிரியருக்காக ஃப்ளெக்ஸ் தட்டி ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தேன். 'பணி நிறைவுப் பாராட்டு விழா' என்பது தலைப்பு. எட்டடி அகலத் தட்டி. இடது பக்கம் ஆசிரியரின் படம், வலது பக்கம் வாழ்த்துவோரின் படங்கள், நடுவில் எஞ்சியது மூன்றடிக்கும் குறைவான இடம். தலைப்பு ஒரே வரியில் வர வேண்டும், தெருமுனையிலிருந்தே தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கையில் இருந்த எழுத்துருவை எடுத்து, கணினியில் அதன் அகலத்தை 60 விழுக்காட்டுக்கு இறக்கினேன். எழுத்து மெலிந்துவிட்டது போலத் தெரிந்ததால் அதே நிறத்தில் ஓரக்கோடும் கொடுத்துத் தடிமனாக்கினேன். வரி அடங்கியது. திரையில் பார்க்க நன்றாகவே இருந்தது.

தட்டியை மண்டப வாசலில் கட்டிய பிறகு தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். 'பனி நிறைவு' என்று இருந்தது.

ஓடிவந்து அருகில் பார்த்தேன். மூன்று சுழி ணகரம்தான். ஆனால் நெருக்கிய இடைவெளிகளை ஓரக்கோடு அடைத்திருந்தது. பத்தடி விலகினால் ஒரு கால் இன்னொரு காலோடு ஒட்டி, மூன்று சுழி இரண்டு சுழியாகிவிட்டது. விழா நாயகர் தமிழாசிரியர். தட்டியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நன்றாக இருக்கிறது தம்பி" என்றார். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ணகர னகர வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த ஒரு வரியை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் தடித்த ஒடுங்கிய எழுத்துருக்களை உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். தொடங்கியது எல்லோருடைய கணினியிலும் இருக்கும் இம்பாக்ட் எழுத்துருவிலிருந்து.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆங்கிலப் பெரிய 'ஓ' எழுத்தை இம்பாக்ட்டில் தட்டி, திரை நிறையும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். அது வட்டம் என்ற நினைப்பு உடனே போய்விடும். இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தான இரண்டு சுவர்கள். மேலும் கீழும் அவற்றை இணைக்கும் வளைவுகள். நடுவில் ஒரு கீற்று வெள்ளை, கதவிடுக்கில் வெளிச்சம் தெரிவதைப் போல. அந்தக் கீற்று பக்கச் சுவரைவிடக் குறுகலானது. இன்னும் கூர்ந்து பார்த்தால் மற்றொன்றும் தெரியும்: மேலும் கீழும் உள்ள வளைவுகள் பக்கச் சுவர்களைவிட மெல்லியவை. எல்லாப் பக்கமும் ஒரே தடிமன் என்று நம் கண் நினைத்துக்கொள்கிறது. உண்மையில் வரைந்தவர் கிடைக்கோடுகளை இளைக்க வைத்து, அந்த இடத்தை உள்ளிருக்கும் வெள்ளைக்குக் கொடுத்திருக்கிறார். சிறிய 'ஈ' எழுத்தின் குறுக்குக் கோட்டைப் பாருங்கள், சிறிய 'ஏ' எழுத்தின் வயிற்றைப் பாருங்கள். எங்கெல்லாம் மை தேங்கி அடைத்துக்கொள்ளுமோ அங்கெல்லாம் கோடு ஒதுங்கி வழிவிட்டிருக்கிறது.

கறுப்பாகத் தெரிவதற்காகப் பிறந்த எழுத்துருவில் அதை வரைந்தவர் அதிகம் உழைத்திருப்பது வெள்ளைக்காகத்தான். இது புரிந்த அன்று அந்தத் தட்டியில் நான் செய்த பிழையும் புரிந்தது.

இம்பாக்ட்டை வரைந்தவர் ஜெஃப்ரி லீ, இங்கிலாந்தின் விளம்பரத் துறையில் இருந்த வடிவமைப்பாளர். 1965-இல் ஷெஃபீல்டு நகரின் ஸ்டீஃபன்சன் பிளேக் என்ற புகழ்பெற்ற அச்செழுத்து வார்ப்பகம் அதை ஈய எழுத்தாக வெளியிட்டது. குறிப்பிட்ட அளவுக்குள் எவ்வளவு மையைத் தாளில் இறக்க முடியுமோ அவ்வளவையும் இறக்க வேண்டும், சிறிய எழுத்துகளின் உடல் முடிந்தவரை உயரமாக இருக்க வேண்டும் என்பதே தன் நோக்கம் என்று லீ பின்னாளில் எழுதினார். சொன்னதைச் செய்தும் காட்டினார். இம்பாக்ட்டின் சிறிய எழுத்துகள் பெரிய எழுத்துகளின் தோள்வரை வந்து நிற்கும். 'பி', 'ஜி' போன்றவற்றின் வால்கள் கீழே இறங்கியும் இறங்காததுமாக நின்றுவிடும். வரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் நடுவே காற்றுகூடப் புகாது.

1965 என்ற ஆண்டு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஈய எழுத்தின் காலம் முடிந்துகொண்டிருந்த நேரம் அது. ஈயம் இல்லாமல் ஒளிப்பட முறையில் எழுத்தை அமைக்கும் ஒளியச்சு வந்துவிட்டது. தாளில் வைத்துத் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும் லெட்ராசெட் தாள்கள் ஒவ்வொரு விளம்பர நிறுவனத்தின் மேசைக்கும் வந்துகொண்டிருந்தன. லெட்ராசெட் நிறுவனம் 1963-இலேயே ஃபிரெட் லாம்பர்ட் வரைந்த காம்பாக்டா என்ற தடித்த ஒடுங்கிய எழுத்துருவை வெளியிட்டிருந்தது. அதற்கும் முன்பு, 1954-இல், சுவிட்சர்லாந்தின் வால்டர் ஹெட்டன்ஷ்வைலர் இதே பாணியில் பெரிய எழுத்துகளை மட்டும் வரைந்து வெளியிட்டிருந்தார். ஜெர்மனியின் 'ட்வென்' இதழ் அவ்வகை எழுத்துகளைப் பக்கம் அதிரும்படி பயன்படுத்தியது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பழைய வார்ப்பகம், ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக அச்சு செய்து, ஈயம் காய்ச்சி, புதிய எழுத்து ஒன்றை வார்த்து விற்க முன்வந்தது. துணிச்சல் என்றுதான் சொல்வேன். அந்த எழுத்து அதை வார்த்த தொழிலையும் தாண்டி வாழ்கிறது. 1996-இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்கென்று இலவசமாக வழங்கிய எழுத்துருத் தொகுப்பில் இம்பாக்ட்டும் சேர்ந்தது. அதன் பிறகு அது போகாத வீடில்லை.

எழுத்தை ஒடுக்கும் தேவை அதைவிடப் பழையது. ஆங்கிலத்தில் கோடுகளின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிப்பட்டைகள் (செரிஃப்) இல்லாத முதல் அச்செழுத்தை 1816-இல் நான்காம் வில்லியம் காஸ்லான் வெளியிட்டார். 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் பெரிய எழுத்துகளை இயந்திரத்தால் கடைந்தெடுக்கத் தொடங்கினார். ஈயத்தில் அவ்வளவு பெரிய எழுத்து வார்த்தால் கனம் தாங்காது, விலையும் கட்டாது. மர எழுத்து வந்ததும் சுவரொட்டி பெரிதானது. ஆனால் தாளுக்கு ஓர் அகலம்தான். நாடகத்தின் பெயரோ, சர்க்கஸ் வித்தைக்காரரின் பெயரோ தாளைப் பார்த்துக்கொண்டு பிறப்பதில்லை. குட்டைப் பெயருக்கு அகன்ற எழுத்து, நீண்ட பெயருக்கு ஒடுங்கிய எழுத்து என்று அச்சகத்தார் வரிக்கு ஒன்றாகக் கோத்தார்கள். அந்தக் காலச் சுவரொட்டிகளில் பத்து வரிக்குப் பத்து விதமான எழுத்து இருப்பதற்குப் பெரும் காரணம் இதுதான். ஒவ்வொரு வரியும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையைத் தொட வேண்டும்.

1903-இல் அமெரிக்காவில் மாரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த ஆல்டர்நேட் காதிக் இந்தத் தேவையை நேராகவே எதிர்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்ட மூன்று அகலங்கள். வரி அடங்கவில்லையா, அதைவிட ஒடுங்கிய எண்ணை எடுத்துக்கொள். எழுத்தை நசுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் ஒடுங்கிய வடிவம் தனியாகவே வரையப்பட்டிருந்தது. நூறாண்டு கழித்து, 2009-இல், அதன் முதல் எண் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு லீக் காதிக் என்ற இலவச எழுத்துரு வந்தது. அதே மரபில் வெர்னன் ஆடம்ஸ் வரைந்த ஆஸ்வால்டு இன்று எத்தனையோ செய்தித் தளங்களில் தலைப்பாக நிற்கிறது. நான் ஆங்கிலத் தலைப்புக்கு முதலில் எடுப்பது ஆஸ்வால்டைத்தான். இம்பாக்ட் எல்லோருக்கும் அளவுக்கு மீறிப் பழகிவிட்டது. கேலிப் படங்களில் கறுப்பு ஓரம் கட்டிய வெள்ளை எழுத்தாக உலகம் முழுவதும் அதைப் பார்த்துவிட்டது. எந்தப் படத்தின் மேல் வைத்தாலும் படிக்க முடிகிறது என்பதால்தான் அங்கே அது நிலைத்தது, ஆக அதுவும் எழுத்துருவின் திறமைதான். ஆனால் இரங்கல் செய்திக்கு அதை வைத்தால் இப்போது சிரிப்புதான் வரும்.

ஒடுங்கிய எழுத்தின் பயன்களில் என்னை மிகவும் வியக்க வைத்தது ஹாலிவுட் படச் சுவரொட்டிகளின் அடிப்பகுதி. தயாரிப்பாளர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர் என்று பெயர்கள் அனைத்தும் ஒல்லி ஒல்லியாக, கொடியில் உலர்த்திய துணிகளைப் போல நெருக்கமாகத் தொங்கும். அழகுக்காக வந்த பழக்கம் இல்லை அது. பெயர்களின் அளவு படத்தலைப்பின் அளவில் இத்தனை விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். அந்த அளவு உயரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. அகலத்துக்கு அப்படிக் கட்டுப்பாடு இல்லை. அதனால் வடிவமைப்பாளர் உயரத்தைக் கொடுத்துவிட்டு அகலத்தை எடுத்துக்கொண்டார்.

இந்த எழுத்துகளுக்கு ஒத்துவராத இடங்களும் உண்டு. ஐந்தாறு சொல்லுக்கு மேல் போனால் கண் களைத்துவிடும். ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஒரே கறுப்பு என்று ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டு போவதைப் போல இருக்கும். பத்திக்கு வைக்கவே கூடாது. பெயர்ப்பலகை, தலைப்பு, விளையாட்டு வீரரின் முதுகில் எண், விலைச்சீட்டு, புத்தகத்தின் முதுகு: இங்கெல்லாம் அது ராஜா. அதை வைக்கும்போது எழுத்துகளுக்கு இடையே உள்ள வெளியும் எழுத்துக்கு உள்ளே இருக்கும் வெளியும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். உள்ளே கீற்றாக வெள்ளை இருக்க, எழுத்துகளை மட்டும் தள்ளித்தள்ளி வைத்தால் சொல் கலைந்து, ஆளுக்கொரு தூணாக நிற்கும்.

இனித் தமிழுக்கு வருகிறேன். இங்கேதான் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

தமிழ்ச் சொல் நீளமானது. விகுதியும் வேற்றுமையும் ஒட்டிக்கொண்டே போகும். 'உள்ளாட்சித்தேர்தல்', 'வேலைநிறுத்தம்', 'நாடாளுமன்றத்தில்'. ஒற்றைப் பத்தித் தலைப்பில் இவற்றில் ஒன்றை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும். போதாததற்கு எழுத்துகளே அகலமானவை. ஆங்கிலத்தில் மிகக் கனத்த சிறிய 'எம்' எழுத்துக்கு மூன்று கால். நம்முடைய 'ணை' என்ற ஒற்றை எழுத்தில் எத்தனை சுழி, எத்தனை கால் என்று எண்ணிப் பாருங்கள். 'கொ' என்று எழுதினால் முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால். ஒடுங்கிய எழுத்து ஆங்கிலத்துக்குத் தேவை என்றால் தமிழுக்கு அது அவசரத் தேவை.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளை மட்டும் வைத்து வரிகளைச் செங்கல் அடுக்குவதைப் போல அடுக்கிவிடலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. மேலே புள்ளியும் மேல்விலங்கும், கீழே உகர ஊகார வால்களும் எப்போதும் இருக்கும். மேல்வரியில் 'று' இருந்து கீழ்வரியில் அதற்கு நேராக ஒரு மெய் வந்தால், வாலும் புள்ளியும் மோதும். புள்ளி வாலில் ஒட்டிக்கொண்டால் மெய் உயிர்மெய்யாகிவிடும். பக்கவாட்டிலும் ஆபத்துதான். கனமாக நெருக்கினால் ரகரமும் காலும் ஒன்றாகத் தெரியும். 'ண'வும் 'ன'வும் என்ன ஆகும் என்பதை அந்தத் தட்டியில் பார்த்துவிட்டேன். 'மணம்' என்பது 'மனம்' ஆகும், 'கணம்' என்பது 'கனம்' ஆகும். எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் படிப்பவர் பிழை என்றுகூடச் சந்தேகப்பட மாட்டார்.

கணினியில் அகலத்தை மட்டும் இறக்கும்போது நடப்பதை ஒரு சின்னக் கணக்கில் சொல்லிவிடலாம். எல்லாக் கோடும் 10 அலகு தடிமன் உள்ள எழுத்தை 60 விழுக்காட்டுக்கு நெருக்கினால், நிற்கும் கோடுகள் 6 அலகாக இளைக்கும். படுத்திருக்கும் கோடுகள் 10 அலகாகவே இருக்கும். சாய்ந்த கோடுகளும் வளைவுகளும் இடத்துக்கு ஏற்றபடி இரண்டுக்கும் நடுவே ஊசலாடும். இம்பாக்ட்டை வரைந்தவர் செய்ததற்கு நேர் எதிர். அவர் கிடைக்கோட்டை இளைத்துச் செங்குத்துக் கோட்டுக்கு வலுக் கொடுத்தார். மென்பொருள் கிடைக்கோட்டைக் கனமாக விட்டுவிட்டுச் செங்குத்துக் கோட்டை உருவிவிடுகிறது. கால் மெலிந்து தலை பெருத்த எழுத்து அது. அப்படி மெலிந்ததை ஓரக்கோடு போட்டு ஊதிப் பெருக்கினால் உள்ளே இருந்த கொஞ்சநஞ்ச வெள்ளையும் போய்விடும். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் காலம் தொட்டு நம் டிடிபி கடைகளிலும் செய்தித்தாள்களிலும் ஃப்ளெக்ஸ் கூடங்களிலும் இது நடந்துகொண்டே இருக்கிறது. குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு எழுத்துரு கையில் இல்லாத காலம் ஒன்று இருந்தது.

ஆனால் அதற்கும் முன்னால் இந்தக் கலை தெரிந்தவர்கள் தெருவிலேயே இருந்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருச் சுவரில் தேர்தல் விளம்பரம் எழுத ஓர் ஓவியர் வருவார். வெள்ளையடித்த சுவரில் நீலத்தில் நனைத்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டுவார். இரண்டு கோடு விழும். பிறகு எழுத வேண்டிய பெயரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே சுவரை ஓரத்திலிருந்து ஓரம்வரை நடந்து பார்ப்பார். எழுத்துகளை எண்ணுகிறார் என்பது பிறகுதான் புரிந்தது. பெயர் நீளமாக இருந்தால் எழுத்து ஒல்லியாகும். தட்டைத் தூரிகை மட்டும் மாறாது. அதே தூரிகை, அதே பட்டை. அதனால் நிற்கும் கோட்டின் தடிமன் குறையவே குறையாது. குறைவதெல்லாம் வளைவின் அகலம். வட்டச் சுழி நீள்சுழியாகும். 'ண' வந்தால் தூரிகையைத் திருப்பி, விளிம்பால் சுழியைப் போடுவார்.

ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டேன்: "அண்ணே, இந்தச் சுழியை மட்டும் ஏன் மெல்லிசாகப் போடுகிறீர்கள்?"

"உள்ளே சுவர் தெரிய வேண்டாமா?" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

ஷெஃபீல்டில் வார்த்த எழுத்தைப் பெரிதாக்கி, கீற்று வெள்ளையைப் பார்த்து நான் வியந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் குரல்தான்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழு 2022-இல் அனெக் என்ற எழுத்துருக் குடும்பத்தை வெளியிட்டது. தமிழ் உட்பட ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்து வரைந்தது. 'அனெக்' என்றால் பல. இயல்பான அகலம் 100 என்று கொண்டால், அகலத்தை 75 முதல் 125 வரை, தடிமனை 100 முதல் 800 வரை நாம் விரும்பும் புள்ளியில் நிறுத்திக்கொள்ளலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவில் அகலம் 62.5 வரை இறங்குகிறது, தடிமன் 900 வரை ஏறுகிறது. இரண்டுமே இலவசம். இவை நெருக்கிய எழுத்துகள் இல்லை, ஒடுக்கமாகவே வரையப்பட்டவை. அகலத்தைக் குறைக்கக் குறைக்க நிற்கும் கோடு தன் வலுவோடு நிற்கிறது, சுழிகள் மட்டும் இடுப்பை ஒடுக்கிக்கொள்கின்றன. அனெக் தமிழின் ஒடுங்கிய கனத்த வடிவத்தில் 'ண'வைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று சுழிக்கும் உள்ளே வெளிச்சம் இருக்கும்.

ஆனாலும் போதாது. தலைப்புக்கென்றே பிறந்த, இம்பாக்ட் அளவுக்குக் கனமும் ஒடுக்கமும் உள்ள தமிழ் எழுத்துகள் இன்னும் பத்துப் பதினைந்தாவது வேண்டும். வரிகளை நெருக்கி அடுக்கும்படி மேல்விலங்கைத் தாழ்த்தியும் வாலைச் சுருக்கியும் யாராவது வரைய வேண்டும். சுவரில் எழுதியவர்கள் உகரத்தின் வாலைக் கீழே விடாமல் பக்கவாட்டில் வளைத்து நிறுத்துவார்கள். அந்தத் தீர்வுகள் எல்லாம் வெள்ளையடித்து மறைந்துகொண்டிருக்கின்றன. பழைய சுவர் எழுத்து கண்ணில் பட்டால் இப்போது வண்டியை நிறுத்திப் படம் எடுத்துவிடுகிறேன். 'ணை', 'ளு', 'ஞ்', 'றூ' என்று எழுத்துவாரியாகப் பிரித்துச் சேர்த்துவைக்கிறேன். எழுத்துரு வரையும் இளைஞர்கள் யார் கேட்டாலும் கொடுப்பேன்.

சென்ற மாதம் பழைய வன்தட்டு ஒன்றைத் துழாவியபோது அந்தத் தட்டியின் கோப்பு கிடைத்தது. தமிழாசிரியர் இப்போது உயிரோடு இல்லை. கோப்பைத் திறந்து, தலைப்பிலிருந்து ஓரக்கோட்டை எடுத்தேன். அகலத்தை 100-க்குத் திருப்பினேன். எழுத்துருவை அனெக் தமிழுக்கு மாற்றி, அகலம் 75, தடிமன் 700 என்று வைத்தேன். அப்படியும் வரி ஓரத்தைத் தாண்டியது. அதனால் 'பணி நிறைவுப்' என்று மேலே ஒரு வரி, 'பாராட்டு விழா' என்று கீழே ஒரு வரி. முதல் வரியின் 'வு' வால் எதிலும் மோதாதபடி கீழ்வரியைக் கொஞ்சம் இறக்கிவைத்தேன். அறையின் மறுகோடிக்குப் போய் நின்று திரையைப் பார்த்தேன். மூன்று சுழியும் தெரிந்தன.